கார்புரேட்டர் ஜிப்சியில் எஸ்டீம் எம்பிஎஃப்ஐ இன்ஜின்: ஒயரிங், புகைப் பரிசோதனை, ஆர்சி

அல்சூர் ஜிப்சி:

வணக்கம். வண்டி 1997 மாருதி ஜிப்சி கிங், கார்புரேட்டர், 1298 சிசி, எட்டு வால்வு. பெங்களூர் பதிவு, ஆர்சி புதுப்பித்தாயிற்று. இன்ஜின் ஆயில் குடிக்கிறது. ரீபோர் செய்வதற்குப் பதில் (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வதற்குப் பதில்) 2004 மாருதி எஸ்டீமின் பதினாறு வால்வு எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை இன்ஜெக்டரில் பீய்ச்சும்) இன்ஜினை ஏற்றலாம் என்று யோசனை. சிவாஜிநகரில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இன்ஜினோடு ஈசிஎம்மும் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) தருகிறார்கள், ஆனால் ஹார்னஸை (ஒயர்க் கட்டை) சென்சார் பிளக்குகளுக்குக் கொஞ்சம் தள்ளி வெட்டியிருக்கிறார்கள். மெக்கானிக், "நாலு ஒயர் கொடுத்தா ஓடிடும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் வேண்டாம், பழைய வண்டிக்கு யார் கேக்கப் போறாங்க" என்கிறார். மவுன்ட், பெல் ஹவுசிங் வேலையை அவர் பார்த்துக்கொள்வார். ஜிப்சி ஒயரிங்கோடு ஈசிஎம்மை எப்படிச் சேர்ப்பது? புகைக்கு எந்த வரம்பு? ஆர்டிஓவில் என்ன செய்ய வேண்டும்?

செம்புக்கம்பி:

நாலு ஒயர் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. முழு இன்ஜின் ஹார்னஸ் கையில் இருந்தால் வண்டிப் பக்கம் சேர வேண்டியவை குறைவுதான்: எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சாவி போட்டால் வரும் 12 வோல்ட், எர்த், பம்ப் லைன், ஸ்டார்ட்டர் சிக்னல், வேக சிக்னல், செக் இன்ஜின் விளக்கு. மற்றதெல்லாம் ஈசிஎம்முக்கும் இன்ஜினுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். அதனால்தான் வெட்டிய ஹார்னஸை வாங்காதீர்கள் என்கிறேன். முப்பது நாற்பது இடத்தில் முறுக்கி டேப் சுற்றினால் முதல் மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிடும். ஈசிஎம், மெயின் ரிலே, பம்ப் ரிலே, ஃப்யூஸ் பெட்டி, ஆக்ஸிஜன் சென்சார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். அந்த எஸ்டீமில் ஐகேட்ஸ் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தால் சாவி, சாவித் துளையைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம், ஐகேட்ஸ் பெட்டி மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் ஈசிஎம் இன்ஜினை ஓட விடாது.

சாவி லைனில்தான் நிறையப் பேர் சறுக்குவது. ஏசிசி லைன் (ரேடியோ போன்றவற்றுக்கான சாவி லைன்) செல்ஃப் அடிக்கும்போது கட்டாகிவிடும். ஈசிஎம்மை அதில் தொங்கவிட்டால் செல்ஃப் சுற்றும், ஸ்பார்க் வராது. சாவியை விடும் நொடியில் மட்டும் இன்ஜின் ஒருமுறை இருமும். உடனே மெக்கானிக் ஈசிஎம் போச்சு என்பார். டெஸ்ட் லாம்ப் பிடித்து, ஆன், ஸ்டார்ட் இரண்டு நிலையிலும் எரிகிற ஒயரைத் தேடுங்கள். பழைய இக்னிஷன் காயிலுக்குப் போன ஒயர் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அதிலிருந்து சிக்னல் மட்டும் எடுங்கள், சுமை முழுக்க பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், மெயின் ரிலே வழியாக வர வேண்டும்.

பம்புக்கு 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. ஒயர் போதும். ரிலேயை ஈசிஎம்தான் இயக்க வேண்டும். சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும், இன்ஜின் சுற்றினால் மறுபடி ஓடும். நேராக இக்னிஷனில் கொடுத்தால் விபத்தில் குழாய் அறுந்தாலும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் லைனில் இருந்தது 0.2, 0.3 பார் அழுத்தம், இங்கே 3 பாருக்குப் பக்கம். பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஹோஸ், அதற்கான கிளாம்ப், ரிட்டர்ன் லைன் மூன்றும் வேண்டும்.

ஜிப்சியில் பாடி ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸ் தனி. எஸ்டீமில் அப்படி இல்லை. எனவே பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒன்று, பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, சேஸிஸிலிருந்து பாடிக்கு ஒன்று என்று தனித்தனி ஸ்ட்ராப் போட வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்டில், சிவப்பு ஈசிஎம்மின் எர்த் பின்னில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. சென்சார் எர்த் வேறு கணக்கு. அது ஈசிஎம்முக்கே திரும்பிப் போக வேண்டும். பக்கத்து போல்ட்டில் கட்டினால் டெம்பரேச்சர், த்ராட்டில் அளவெல்லாம் சுமைக்கேற்ப ஆடும்.

எஸ்டீமில் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், ஜிப்சியில் நீளவாக்கில். எனவே சில கிளைகளை நீட்டத்தான் வேண்டும். அதே கனம், அதே நிறம், கிரிம்ப், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். கிராங்க், கேம் சென்சார் ஒயரில் ஷீல்டு இருந்தால் அதை ஈசிஎம் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஆக்ஸிஜன் சென்சாரின் சொந்த ஒயரில் ஈயம் வைக்கவே கூடாது. பல சென்சார்களுக்கு, புகையோடு ஒப்பிட வேண்டிய வெளிக்காற்று அந்த ஒயர் வழியாகத்தான் போகிறது.

லாம்டா:

ஒயரிங் மேலே வந்துவிட்டது, நான் புகைக்கு வருகிறேன். இரண்டும் தனித்தனி விஷயம் இல்லை.

உங்கள் வண்டிக்குப் புகைச் சான்றுக்கான ஐடில் வரம்பு (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம். பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) எமிஷன் தரம் 2, 3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். பிஎஸ்4-க்கு 0.3, 200. ஆக 2 சதவீதம் காட்டினாலும் உங்களுக்குச் சான்று கிடைத்துவிடும். ஆனால் கேட் (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) உள்ள, ஆக்ஸிஜன் சென்சார் ஒழுங்காக வேலை செய்கிற எம்பிஎஃப்ஐ இன்ஜின் சூடான நிலையில் 0.5-க்குக் கீழேதான் இருக்க வேண்டும். 2 வந்தால் எங்கோ கோளாறு, சான்று அதை மறைக்கிறது, அவ்வளவுதான். டோனர் வண்டியின், அதாவது இன்ஜின் தந்த எஸ்டீமின், வரம்பையே குறி வையுங்கள்.

கேட்டைத் தூக்கி எறியச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆக்ஸிஜன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி ஆட, அந்த ஆட்டத்தில் கேட் மிச்சத்தை எரிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் எம்பிஎஃப்ஐக்குச் செலவழித்ததில் அர்த்தம். சென்சார் கேட்டுக்கு முன்னால், சைலன்சர் குழாயில் வெல்டு செய்த எம்18 x 1.5 மரை வளையத்தில், நீர் தேங்காதபடி கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது மேல்சாய்வாக இருக்கட்டும். சென்சாருக்கு முன்னே மேனிஃபோல்டு கேஸ்கட்டில் சின்ன ஒழுக்கு இருந்தாலும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று படிக்கும், ஈசிஎம் இன்னும் ஊற்றும். புகை அதிகம் என்று இன்ஜெக்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள், கோளாறோ நூறு ரூபாய் கேஸ்கட்டில்.

அடுத்தது தெர்மோஸ்டாட். "நம்ம ஊர்ல தேவையில்லை" என்று கழற்றிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. கார்புரேட்டருக்கு அது மைலேஜ் பிரச்சினை, எம்பிஎஃப்ஐக்கு எமிஷன் பிரச்சினை. தண்ணீர் சூடாகாவிட்டால் ஈசிஎம் இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். ஈசிஎம்முக்கான இரண்டு பின் சென்சார் 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80-ல் ஏறக்குறைய 300 ஓம் காட்ட வேண்டும். டாஷ்போர்டு மீட்டர் முள்ளுக்கான ஒற்றைப் பின் சென்சார் வேறு, இரண்டும் தேவை.

மேப் சென்சாரை (இன்ஜின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) பார்க்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: சாவி போட்டு இன்ஜின் ஓடாத நிலையில் பெங்களூரில் 91 கிலோபாஸ்கல் பக்கம் வருவது சரிதான். சென்னைக்கு எழுதிய மாதிரி 101 வரவில்லை என்று சென்சாரை மாற்ற வேண்டாம், நாம் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம்.

கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா), பர்ஜ் வால்வு (அந்த ஆவியை இன்ஜினுக்கு விடுவது), பிசிவி (கிராங்க்கேஸ் புகையை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு) மூன்றையும் மாட்டுங்கள். டேங்க் ஆவி கேனிஸ்டருக்குத்தான் போக வேண்டும்.

பேப்பர் முதலில்:

சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. இன்ஜின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் இன்ஜின் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே 1298 சிசி, ஒரே பெட்ரோல் என்பது உங்களுக்குச் சாதகம். விண்ணப்பத்தில் அதைத் தெளிவாக எழுதுங்கள். இன்ஜின் வாங்கிய ரசீதில் இன்ஜின் எண் இருக்க வேண்டும், டோனர் வண்டியின் ஆர்சி ரத்தான விவரமும் கேட்டு வாங்குங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் தொடவே வேண்டாம், திருட்டு இன்ஜினாக இருக்கலாம். அனுமதி இல்லாமல் மாற்றினால் 182ஏ(4) பிரிவில் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸில் புது எண்ணை ஏற்றாவிட்டால் கிளெய்ம் நேரத்தில் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

அல்சூர் ஜிப்சி:

மிக்க நன்றி. வெட்டிய ஹார்னஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சந்தேகம். ஜிப்சி ஸ்பீடோ கேபிள் வகை, வேக சிக்னல் எங்கிருந்து எடுப்பது? ஈசிஎம்மின் கோளாறு கோட் படிக்க ப்ளூடூத் ஓபிடி கருவி போதுமா?

செம்புக்கம்பி:

கேபிள் மீட்டருக்குள் ரீட் ஸ்விட்ச் (காந்தத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்) வைத்தோ, கேபிளின் நடுவே பொருத்தும் பல்ஸ் சென்சார் போட்டோ எடுக்கலாம். ஜப்பான் தரக் கேபிள் 60 கி.மீ. வேகத்தில் நிமிஷத்துக்கு 637 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு டோனர் மீட்டர் எத்தனை பல்ஸ் தருகிறதோ அதையே கொடுங்கள். விட்டுவிட்டால் வண்டி ஓடும், ஆனால் சிக்னலில் நிற்க வரும்போது ஐடில் விழுந்து அணையலாம், செக் இன்ஜின் விளக்கும் எரியும்.

ப்ளூடூத் கருவி அந்தக் காலத்து ஈசிஎம்மோடு பெரும்பாலும் பேசாது. டயக்னாசிஸ் பின்னை எர்த்தோடு ஜம்பர் செய்து, விளக்கு மினுக்குவதை எண்ண வேண்டும். ஒரு மினுக்கு, சின்ன இடைவெளி, இரண்டு மினுக்கு என்றால் 12, கோளாறு இல்லை என்று அர்த்தம். முதலில் சொன்ன ஒயர்ப் பட்டியலில் செக் இன்ஜின் விளக்கைச் சேர்த்தது இதற்காகத்தான்.

லாம்டா:

சைலன்சர் வெல்டிங் வண்டியில் வைத்தே செய்வார்கள் என்றால் அதற்குமுன் பேட்டரி நெகட்டிவ், ஈசிஎம் பிளக் இரண்டையும் கழற்றிவிடுங்கள், ஆக்ஸிஜன் சென்சாரும் வெளியே இருக்கட்டும். புகைப் பரிசோதனைக்கு நேராக வீட்டிலிருந்து போகாமல் இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டுப் போங்கள், கேட் சூடானால்தான் வேலை செய்யும்.