மகளுக்கு ஸ்கேட்ஸ், எனக்கு அடி தாங்கும் பேட்: ஆன்லைனில் நம்பி வாங்கலாமா?

ரிங்க்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. ஏழு மாதமாக ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தரையில் சறுக்கிச் சுழலும் ஆட்டம்) போகிறாள், இதுவரை ரிங்க்கில், அதாவது அந்தப் பனித்தளத்தில், கிடைக்கும் வாடகை ஸ்கேட்ஸ்தான். ஒற்றைக்காலில் சறுக்குகிறாள், இரண்டு கால் ஸ்பின் வந்துவிட்டது, இப்போது வால்ட்ஸ் ஜம்ப் (அரைச் சுற்றுச் சுற்றிக் குதிக்கும் முதல் ஜம்ப்) சொல்லிக்கொடுக்கிறார்கள். இனி சொந்த ஸ்கேட்ஸ் வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். போட்டுப் பார்த்து வாங்கும் கடை பக்கத்தில் எங்கும் இல்லை, அதனால் ஆன்லைனில்தான் வாங்கியாக வேண்டும்.

பள்ளிக்குப் போடும் ஷூவின் சைஸையே கொடுக்கலாமா, இல்லை வளரும் பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி எடுக்கலாமா? ஒரே மாதிரி இருக்கிற இரண்டு ஜோடிக்கு நடுவே விலை மூன்று மடங்கு வித்தியாசம், எதற்கு என்றே புரியவில்லை.

இன்னொன்று, எனக்காக. அவளைக் கூட்டிப்போய் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்து பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். போன வாரம் பின்பக்கமாக விழுந்ததில் வால் எலும்பில் அடி, இன்னும் நாற்காலியில் ஒருக்களித்துத்தான் உட்காருகிறேன். இடுப்புக்குப் போடும் பேட், முட்டி பேட் என்று நிறைய விற்கிறார்கள். உண்மையிலேயே காப்பாற்றுவது எது?

பனிவிளிம்பு

மகள் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், பேட் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

ஷூ சைஸை மறந்துவிடுங்கள். ஸ்கேட் பூட்டின் (பிளேடுக்கு மேலே இருக்கும் காலணி) சைஸும் ஷூ சைஸும் ஒன்றல்ல, கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். எடியா மில்லிமீட்டரில் சைஸ் போடுகிறார்கள். ஜாக்சன், ரீடல் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறது, நீளத்தோடு அகலமும் பார்க்க வேண்டும். நான் முதல் ஜோடி வாங்கியபோது கடைக்காரர் சாட்டில் ‘உங்கள் ஷூ சைஸே எடுங்கள், தடிமனான சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொன்னதை நம்பிவிட்டேன். குதிகால் உள்ளே மேலும் கீழும் ஆடியது. அதைப் பிடித்து வைக்க லேஸை இறுக்கி இறுக்கிக் கணுக்காலுக்கு முன்னால் புண்ணாகி, ஆறு மாதம் எட்ஜ் (பிளேடின் கரையில் சாய்ந்து சறுக்குவது) என்றால் என்ன என்றே தெரியாமல் ஓட்டினேன். தப்பு என் காலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது, இப்போது நினைத்தாலும் ஆதங்கமாக இருக்கிறது.

அளவு எடுக்க: ஒரு தாளைச் சுவர் ஓரமாகத் தரையில் போடுங்கள். ஸ்கேட்டிங்கில் என்ன போடுவாளோ அதே மெல்லிய சாக்ஸோடு குதிகால் சுவரில் பட நிற்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து எடுத்தால் குறைவாக வரும், எடை காலில் இறங்கி நிற்க வேண்டும். பென்சிலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள், பாதத்தின் அகலமான இடத்தில் இரு பக்கமும் போடுங்கள். இரண்டு காலையும் எடுங்கள், பெரிய காலின் அளவுதான் கணக்கு. சாயங்காலம் எடுத்தால் நல்லது, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

பெட்டி வந்ததும் லேஸை முழுக்கத் தளர்த்தி, காலை விட்டு, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளிவிட்டு அப்புறம் கட்டுங்கள். நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடலாம், மடங்கக் கூடாது. முழங்காலை மடக்கினால் விரல் சற்றே பின்வாங்க வேண்டும், குதிகால் எழும்பவே கூடாது. பிளேடுக்கு உறை மாட்டி வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் போட்டுவிட்டுப் பாருங்கள். அதற்குள் சூடுபடுத்தி காலுக்கு வார்க்கும் வேலையைச் செய்துவிடாதீர்கள், வார்த்த பூட்டைப் பொதுவாகத் திருப்பி எடுக்கமாட்டார்கள். பிளேடு தனியாக வந்தால், பூட்டில் திருகும் முன்பும் இதே எச்சரிக்கைதான்.

விலை வித்தியாசம் பெரும்பாலும் பூட்டின் விறைப்பிலும் பிளேடிலும் இருக்கிறது. விறைப்பான பூட் இரட்டைச் சுழற்சி ஜம்ப் செய்கிறவர்களுக்கு. வால்ட்ஸ் ஜம்ப் பிள்ளைக்கு அதைப் போட்டால் கணுக்காலே மடங்காது, முழங்காலும் மடங்காது, மடங்காமல் எப்படிக் குதிப்பாள், எப்படி இறங்குவாள்? எந்த நிலைக்கு என்று கம்பெனியே எழுதியிருக்கும், அவள் இருக்கிற நிலைக்கு ஒரு படி மேலே போதும். கோச்சிடம் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

சாணை_அண்ணன்

நான் பதினோரு வருடமாக ஸ்கேட் பிளேடு சாணை பிடிக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சில வார்த்தை.

புது பிளேடு பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓட்டத் தயார் என்று நினைக்காதீர்கள். பல பிளேடுகள் மொக்கையாகவே வரும், ஒரு தடவை சாணை பிடித்தாக வேண்டும். பிளேடின் அடியைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் மெல்லிய பள்ளம் ஓடும், அதன் இரண்டு கரைதான் உள் எட்ஜும் வெளி எட்ஜும். அந்தப் பள்ளத்தின் ஆரம் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அரை அங்குலம் என்று சொல்லிப் பிடித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். எண் சிறியதானால் பள்ளம் ஆழம், பனியை அதிகம் கடிக்கும்.

ஹாக்கி ஸ்கேட் மட்டும் பிடிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். முன்னால் பற்கள் மாதிரி இருக்கிறதே டோ பிக், அதன் அடிப்பல்லை மெஷினில் தேய்த்துவிடுகிறவர்கள் உண்டு. தேய்ந்தால் தேய்ந்ததுதான், ஸ்பின்னும் ஜம்ப்பும் மாறிப்போகும்.

பழையது வாங்கும் எண்ணம் இருந்தால் (வளரும் பிள்ளைக்கு அதுவும் நல்ல யோசனைதான்) விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, பூட்டைப் பக்கவாட்டில், கணுக்கால் தெரிய. அங்கே ஆழமான மடிப்பு விழுந்து தோல் தொய்ந்திருந்தால் வேண்டாம். இன்னொன்று, பிளேடின் பக்கவாட்டு. குரோம் பூசிய பிளேடில் எட்ஜை ஒட்டி பூச்சு இல்லாத மங்கலான பட்டை ஒன்று ஓடும். சாணை பிடிக்கப் பிடிக்க அது குறுகும். நூல் மாதிரி ஆகிவிட்டதென்றால் பிளேடின் ஆயுள் முடியப்போகிறது.

அப்புறம் பிளேடுக்கு உறை இரண்டு வகை, இரண்டும் வாங்குங்கள். நடக்கும்போது பிளாஸ்டிக் உறை. ஓட்டி முடித்ததும் திருகாணி இருக்கும் இடம்வரை துணியால் துடைத்துவிட்டு பைக்குள் போகும்போது துணி உறை. பிளாஸ்டிக் உறையோடு பையில் வைத்து, ஒரே வாரத்தில் பிளேடு முழுக்கச் செம்புள்ளியாக என்னிடம் கொண்டுவருகிறவர்களை எண்ணி முடியாது.

விழுந்தெழுந்தவள்

தோழி, உங்கள் வால் எலும்பு செய்தியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் முப்பத்தெட்டு வயதில் பனியில் கால் வைத்தவள். முதலில் ஒன்று, ஒரு வாரமாகியும் உட்கார முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் பேட் தேடுங்கள்.

உள்ளே போடும் பேடட் ஷார்ட்ஸ்தான் நான் முதலில் வாங்கச் சொல்வது. இரண்டு இடுப்புப் பக்கமும் வால் எலும்பும் மூடியிருக்க வேண்டும். நான் வாங்கிய முதல் ஷார்ட்ஸில் இடுப்புப் பேட் நாலு விரல் மேலே இருந்தது. பக்கவாட்டில் விழுந்தால் முதலில் தரையில் படுவது தொடையின் மேல்பக்கம் கைவைத்தால் தட்டுப்படுகிற அந்த எலும்பு முடிச்சு, பேட் அதன் மேல் இருக்க வேண்டும். எனக்கு அந்த இடத்தில் கன்றிப்போய் ஊதா, பச்சை, மஞ்சள் என்று மூன்று வாரம் நிறம் மாறிக்கொண்டே இருந்தது, பேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே பொருளின் படத்தில் பேட் எங்கே முடிகிறது என்று உற்றுப் பாருங்கள். சைஸுக்கு ஆடை எண்ணை நம்பாமல் இடுப்பின் அகலமான இடத்தை டேப்பால் அளந்து கொடுங்கள். பிடித்தாற்போல் இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் விழுகிற நொடியில் நழுவிவிடும்.

ஜெல் மெல்லியதாக இருக்கும், ஆனால் கனம். ஃபோம் லேசு, கொஞ்சம் புடைத்துத் தெரியும். டி3ஓ மாதிரியான பொருள் சாதாரணமாக நெகிழ்ந்து கொடுத்து, அடி படும்போது இறுகும், விலைதான் கூடுதல். எதுவானாலும் பேடைக் கழற்றித் துவைக்கிற மாதிரி எடுங்கள், வியர்வை வாடை போகவே போகாது.

முட்டிக்கு வாலிபால் ஆடுகிறவர்கள் போடுகிற மெல்லிய வகை போதும். கையுறை இல்லாமல் இறங்கவே வேண்டாம், குளிருக்காக மட்டும் சொல்லவில்லை. விழுந்ததும் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவரின் பிளேடு விரல்மேல் ஏறலாம்.

பின்பக்கமாக விழுந்தேன் என்கிறீர்களே, அப்படியானால் தலையைப் பற்றியும் யோசியுங்கள். தலையைச் சுற்றிக் கட்டுகிற பேடட் பட்டை அழகாக இருக்கும், ஆனால் அது ஹெல்மெட் ஆகாது. ஹாக்கி ஹெல்மெட் பின்மண்டையை நன்றாக மூடும், பலமுறை அடி வாங்கவும் செய்யப்பட்டது. ஏஎஸ்டிஎம் எஃப்1045 அல்லது ஐஎஸ்ஓ 10256 (ஹாக்கி ஹெல்மெட்டுக்கான தர நிர்ணயங்கள்) என்று உள்ளே முத்திரை இருக்கிறதா பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட் ஒரு பலத்த அடியோடு மாற்ற வேண்டியது.

ரிங்க்_அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே சுவர் ஓரமாக அளந்தேன், இடது கால் 209 மில்லிமீட்டர், வலது 212. பள்ளி ஷூவை உள்ளே அளந்தால் 225 வருகிறது! அந்த சைஸைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும். நாளை டாக்டரிடம் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: 212க்குச் சரியாக எடுத்தால் எத்தனை மாதம் வரும், கொஞ்சமாவது இடம் விடலாமா?

பனிவிளிம்பு

அட்டவணையில் 212 இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுங்கள், அதிகபட்சம் அரை சைஸ் கூடுதல், அதற்கு மேல் வேண்டாம். எத்தனை மாதம் என்பது அவள் வளர்வதைப் பொறுத்தது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதே சுவரில் தாளைப் போட்டு அளந்து வையுங்கள். வாங்கும் முன் கடைக்கு எழுதி, வீட்டுக்குள் போட்டுப் பார்த்த பூட்டை எத்தனை நாளுக்குள் மாற்றிக்கொள்வீர்கள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். கால் அளவையும் அனுப்புங்கள். நீளம் மட்டும் கேட்டுவிட்டு அகலத்தைக் கேட்காத கடையாக இருந்தால் நான் அங்கே வாங்கமாட்டேன்.