பேஸ் நோட்ஸ்: தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

குழுவினருக்கு வணக்கம்.

கோர்சிகா தீவில் 1956இல் தொடங்கிய டூர் டி கோர்ஸ் ரேலி என்ற கார்ப் போட்டி பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன். பேரணி என்றால் கொடியும் கோஷமும்தான் நினைவுக்கு வரும், அதனால் ரேலி என்றே விட்டுவிட்டேன். சிக்கல் பேஸ் நோட்ஸில். போட்டிக்கு முன்பு அதே சாலையில் மெதுவாகப் போய், ஓட்டுநர் சொல்லச் சொல்ல இணை ஓட்டுநர் நோட்டில் எழுதிக்கொள்வார். மறுமுறை போய்ச் சரிபார்ப்பார்கள். போட்டியன்று இவர் வாசிக்க வாசிக்க அவர் ஓட்டுவார்: "இடது 4, 60 மீட்டர், மேடு, வலது 2, வெட்டாதே." 'வேகக் குறிப்பு' போதுமா?
— மீ.

மீ., அதில் வேகம் எங்கே இருக்கிறது? 4, 2 எல்லாம் வளைவின் இறுக்கம். அதிலும் சிலருக்கு 1தான் மிக இறுக்கம், சிலருக்கு நேர்மாறு. 'பத்தாயிரம் வளைவுகளின் ரேலி' என்று பெயர் வாங்கிய போட்டி. 'வளைவுக் குறிப்பு' என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.
— க.

அன்பர்களே, 'நெறிக்குறி' என்க. நெறி என்றால் வழி. சங்கப் பாடல்களில் கல் நிறைந்த நெறி, காட்டு நெறி எல்லாம் உண்டு. ஓட்டுநரும் வேண்டாம், 'வலவன்' இருக்கிறான். புறநானூறு 27இல் 'வலவன் ஏவா வான ஊர்தி' நினைவிருக்கும். வலப்பக்கம் இருந்து செலுத்துபவன் என்பதால் வலவன். தார்ச்சாலையில் வரும் தாரும் ஆங்கிலச் சரக்கு. 'கீல்சாலை' என்போம்.
— இரா.

ஐயா, கோர்சிகா பிரான்சைச் சேர்ந்தது. அங்கே ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம்! வலவன் வல்லமையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். முல்லைப் பாட்டுகளில் 'தேரை விரைந்து செலுத்து' என்று பக்கத்திலிருந்து சொல்வது தலைவன்தானே? அப்படிப் பார்த்தால் நம் முதல் இணை ஓட்டுநர் அவன்தான். கீல்சாலை என்றால் சாலைக்குக் கீல்வாதம் என்று நினைப்பார்கள்.
— க.

வளைவு மட்டுமா அதில் இருக்கிறது? மேடு, தூரம், பாலம், ஓரத்துப் பாறை எல்லாம் உண்டு. தார்ச்சாலையில் கார்கள் வளைவை உள்பக்கமாக வெட்டிப் போகும்போது ஓரத்து மண்ணையும் சரளையையும் இழுத்து ரோட்டில் போட்டுவிடும். பின்னால் வருபவருக்கு அது வழுக்கும். அதனால்தான் போட்டிக்குச் சற்று முன்பு தனியாக ஒரு குழு அந்தச் சாலையில் போய்ப் பார்த்துக் குறிப்பைத் திருத்தித் தரும். 'வழிக்குறிப்பு' என்றும் வைக்க முடியாது. எந்தச் சந்திப்பில் திரும்புவது என்று சொல்லும் ரோடு புக் வேறு இருக்கிறது. என் ஓட்டு 'சாலைக் குறிப்பு'க்கு.
— செ.

'சாலைக் குறிப்பு' நெடுஞ்சாலைத் துறைக் கோப்பு மாதிரி இருக்கிறது அக்கா.
— க.

நெறிக்குறியில் எனக்கு ஒரே தயக்கம்தான் ஐயா. 1986 மே 2 அன்று ஹென்றி டொய்வோனனும் இணை ஓட்டுநர் செர்ஜியோ க்ரெஸ்டோவும் இறந்தது படத்தில் வருகிறது. லான்சியா கார் ஓர் இடது வளைவில் சாலையை விட்டு விழுந்து எரிந்துபோனது. அதன் பிறகுதான் குரூப் பி என்ற அதிவேக ரேலி கார்களுக்குத் தடை. அந்த இடத்தில் 'நெறி' என்று வந்தால் ஏதோ ஒழுக்க விதியை மீறியதால் நடந்த விபத்து என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இறந்தவர்கள் மேல் அப்படி ஒரு பழி விழக் கூடாது. 'வளைவுக் குறிப்பு' என்றே அனுப்புகிறேன். செ. அக்கா சொன்ன குறை இருக்கத்தான் செய்கிறது.
— மீ.

அனுப்புங்கள். சொற்பட்டியலில் 'நெறிக்குறி'யையும் என் மறுப்போடு சேர்த்துவையுங்கள். வலவனுக்கும் வலத்துக்கும் உறவில்லை என்று க. தம்பி இன்னும் நிறுவவில்லை. தேர்ப்பாகன் எந்தப் பக்கம் நின்றான் என்று சிற்பங்களைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.
— இரா.