பர்கர் பிறந்த கடையில் சித்தப்பா

பர்கர் அனுபவம் என்றால் எனக்கு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரம்தான். நாகர்கோவிலிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். மாட்டுக்கறி விஷயத்தில் அவர் நாக்கை ஏமாற்ற முடியாது. சரி, பர்கர் பிறந்த இடம் என்று சொல்லப்படும் லூயிஸ் லஞ்ச் கடைக்கே கூட்டிப்போவோம் என்று கிளம்பினேன்.

கிரவுன் தெருவில் சின்னஞ்சிறு செங்கல் கட்டடம். வெளியே நீண்ட வரிசை. நின்றபடி கதையைச் சொன்னேன். 1900-ல் ஒருவர் அவசரமாக வந்து, போகிற வழியில் தின்ன ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாராம். கடைக்காரர் லூயிஸ் லாசன் கொத்துக்கறியைச் சுட்டு, இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் வைத்து நீட்டினாராம். சித்தப்பா முன்னால் நின்றவர்களை எண்ணிப் பார்த்தார்.

"அந்த ஆளு இன்னைக்கு வந்திருந்தா பட்டினியாத்தான் போயிருப்பான் மக்களே."

முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே போனோம். 1898-ஐச் சேர்ந்த வார்ப்பிரும்பு கேஸ் அடுப்புகள். கறியைக் கம்பி வலைக்குள் வைத்து நிமிர்த்தி உள்ளே தள்ளுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக வேகிறது, கொழுப்பு கீழே சொட்டிவிடுகிறது. பன் கிடையாது, டோஸ்ட்தான். சீஸ், வெங்காயம், தக்காளி கேட்டால் வைப்பார்கள். கெட்சப், கடுகு சாஸ், மயோனைஸ் எதற்கும் அனுமதியில்லை.

சித்தப்பாவின் சட்டைப்பையில் விமானத்தில் கொடுத்த சாஸ் பாக்கெட் இருந்தது. எடுக்கப்போனவர் கடையின் அறிவிப்பைப் படித்தார். முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர், எழுதிப்போட்ட விதியை மீற மாட்டார். பாக்கெட் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஒரு கடி கடித்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "கறி கறியா இருக்கு" என்றார். ஒரு பர்கருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரிந்து இல்லை. சாஸில் முக்கித் தின்ற அத்தனை பர்கரிலும் எனக்குக் கிடைக்காத ருசி அது. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்ததில் மட்டும் சித்தப்பாவுக்கு உடன்பாடில்லை.

திரும்பும்போது போட்டிக் கதையையும் சொன்னேன். விஸ்கான்சின் மாநிலத்துச் சீமோர் ஊர்க்காரர்கள் 1885-லேயே அங்கேதான் பர்கர் பிறந்தது என்கிறார்கள். சந்தையில் சார்லி நாக்ரீன் கறி உருண்டை விற்றாராம். நடந்துகொண்டே தின்னச் சனங்களுக்குச் சிரமமாக இருக்கவே, அதைத் தட்டையாக்கி ரொட்டிக்குள் வைத்தாராம்.

"கோலா உருண்டையை அமுக்கினா பர்கர். அவ்வளவுதானே?"

எனக்கும் இந்தக் கதைதான் நம்பும்படி இருக்கிறது. எது உண்மையானாலும், இரண்டிலும் நிற்க நேரமில்லாத ஒருவர் வருகிறார். தட்டு வேண்டாம், இலை வேண்டாம், கை போதும். பர்கர் இத்தனை ஊர்களில் பரவியதற்கு அதுதான் காரணம் என்பேன். 1996-ல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் வந்தபோது மாட்டுக்கறி இல்லாமலேதான் வந்தது. கறி மாறியும் அந்த வடிவம் மாறவில்லையே!

மறுநாள் காலை தோசை வார்த்தேன். சட்னிக்குத் தேங்காய் இல்லை. சித்தப்பா எழுந்துபோய்ச் சட்டைப்பையைத் துழாவினார்.