விண்டோஸ் லைவ் மெயிலில் இருக்கும் பழைய மெயிலைத் தண்டர்பேர்டுக்கு மாற்றுவது எப்படி?

நெல்லைத்தம்பி:
விண்டோஸ் 7 கம்ப்யூட்டர், லைவ் மெயில் 2012, ஜிமெயில் கணக்கு பாப் முறையில் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கி வைக்கும் முறை) ஓடுகிறது. மொத்தம் 6 ஜிபி இருக்கும். 2014க்கு முந்தைய மெயில் சர்வரில் கிடையாது, இந்த மெஷினில் மட்டும்தான். புது லேப்டாப்பில் தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருளைப் போட்டுவிட்டேன். அதன் இம்போர்ட் பட்டியலில் லைவ் மெயிலே இல்லை. ஜிமெயிலைச் சேர்த்தால், சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் தவறு என்கிறது. கைவசம் 32 ஜிபி பென்டிரைவ் உண்டு. எதில் ஆரம்பிக்கட்டும்?

கம்பிவலை:
பாஸ்வேர்டு விஷயம் சுலபம். வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளி மென்பொருள் உள்ளே வருவதைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்திவிட்டது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் அதென்டிகேஷன் மெத்தட் என்பதை ஓஆத்2 (கூகுள் பக்கத்திலேயே லாகின் செய்து அனுமதி தரும் முறை) என்று மாற்றுங்கள். கூகுள் லாகின் ஜன்னல் திறக்கும். திரும்பத் திரும்ப அதே ஜன்னல் வந்தால் தண்டர்பேர்டின் பிரைவசி பகுதியில் குக்கீ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேர் மாட்டுவது அங்கேதான்.

மெயில் சர்வரிலேயே இருக்க, அதோடு ஒத்திசையும் ஐமேப் முறையையே எடுங்கள்: போர்ட் 993, பாதுகாப்பு வகை எஸ்எஸ்எல். அனுப்புவதற்கு 465, எஸ்எஸ்எல். அல்லது 587, ஸ்டார்ட்டிஎல்எஸ். அவுட்கோயிங் சர்வருக்கும் ஓஆத்2 தனியாகக் கொடுக்க வேண்டும். அதை மறந்தால் மெயில் வரும், போகாது.

பிறகு பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸ், லேபிள்ஸ் போய் ஆல் மெயிலுக்கு நேரே ‘ஷோ இன் ஐமேப்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மெயிலும் இரண்டு இடத்தில் இறங்கி டிஸ்க்கைத் தின்னும்.

தாழ்வாரம்:
பழைய மெயில் எல்லாம் லைவ் மெயிலுக்குள் தனித்தனி இஎம்எல் கோப்பாகவே (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு) கிடக்கிறது. ஃபைல் மெனு, எக்ஸ்போர்ட் இமெயில், இமெயில் மெசேஜஸ் போங்கள். இரண்டு வடிவம் கேட்கும். ‘மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் லைவ் மெயில்’ என்பதை எடுங்கள், எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். சேமிக்கும் ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். ஸ்டோரேஜ் ஃபோல்டர்ஸ் என்று இடப்பக்கம் கீழே ஒன்று இருக்குமே, அதையும் விடாதீர்கள். பாப் கணக்கில் பலரும் பழையதை எல்லாம் அங்கேதான் ஒதுக்கியிருப்பார்கள்.

ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் பென்டிரைவில் நேரடியாகக் காப்பி செய்தால் விடிந்துவிடும். ஜிப் செய்யுங்கள். ஆனால் பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. வருடவாரியாக நான்கைந்து ஜிப்பாகப் போடுங்கள்.

லேப்டாப்பில் தண்டர்பேர்டுக்குள் இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற ஆட்-ஆனைப் (கூடுதல் வசதி) போட்டு, லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு அடியில் ‘பழையது’ என்று ஒரு ஃபோல்டர் திறங்கள். அதில் ரைட் கிளிக் செய்து, ஒரு டைரக்டரியும் அதன் உள் டைரக்டரிகளுமாக மெயிலை இறக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். படித்தது, படிக்காதது என்ற குறி இஎம்எல்லுக்குள் இல்லை, லைவ் மெயிலின் தனி டேட்டாபேஸில் இருக்கிறது. ஆகவே அது வந்து சேராது.

மின்னல்கொடி:
இவ்வளவு சுற்று எதற்கு? இறக்கியதும் எல்லாவற்றையும் இழுத்து ஜிமெயில் ஃபோல்டரில் போட்டால் சர்வருக்கே போய்விடுமே.

தாழ்வாரம்:
போகும், மெதுவாக. ஐமேப் வழியாக ஏற்றுவதற்கு ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 எம்பிதான் வரம்பு. 6 ஜிபி என்றால் எப்படியும் 12 நாளுக்கு மேல். தாண்டினால் கணக்கைச் சில மணி நேரம் பூட்டிவைப்பார்கள். 15 ஜிபி இலவச இடத்திலும் பங்கு போகும். அப்படியே ஏற்றினாலும் மூவ் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். பாதியில் இணைப்பு அறுந்தால் எது போயிற்று, எது நின்றது என்று தேட நேரும்.

இன்னொன்று: தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் முழுவதையும் ஒரே கோப்பில் வைக்கிறது. உள்ளே ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால் ஆன்டிவைரஸ் அந்த முழுக் கோப்பையும் தூக்கி ஒதுக்கிவிடலாம். தண்டர்பேர்டு மெயிலை வைக்கும் புரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்த பிறகு இம்போர்ட் செய்யுங்கள்.

நெல்லைத்தம்பி:
ஒரு ஃபோல்டர் வந்துவிட்டது, நன்றி அண்ணே. ஆனால் 2004, 2005 தமிழ் மெயில்கள் குப்பையாகத் தெரிகின்றன.

கம்பிவலை:
குப்பையிலும் வகை உண்டு. தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று மாறி மாறி வந்தால் அது நல்ல யூனிகோடுதான், குறியீட்டுப் பெயர் மட்டும் தப்பு. வியூ மெனுவில் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங் அழுத்திப் பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நின்றால் பாமினி எழுத்துரு. வேறு ஐரோப்பிய எழுத்துக்கலவை என்றால் பெரும்பாலும் டிஸ்கி அல்லது டேப் என்ற பழைய தமிழ்க் குறியீடு. பாமினி, டிஸ்கி, டேப் மூன்றையும் தண்டர்பேர்டு சரிசெய்யாது. உரையைக் காப்பி செய்து யூனிகோடு மாற்றியில் போடுங்கள், மூல மெயிலைத் தொடாதீர்கள்.