பானையில் பொங்காதது பொங்கலா?

மண்பானை:
குக்கரில் நாலு விசில் விட்டு இறக்குவது வெல்லச் சோறுங்க, பொங்கல் இல்லை. சூரியனுக்குப் படைப்பதே பொங்கி வழிந்த பிறகுதானே? மூடி போட்ட பாத்திரத்தில் எது வழியும்?

மூணாவது மாடி:
இங்கே மூணு கல் வைத்து விறகு எரிக்க முடியுமா? காஸ் அடுப்பில் ஏற்றினால் புதுப்பானை அடி விட்டுடுது. குக்கரில் 1 கப் பச்சரிசி, கால் கப் வறுத்த பாசிப்பருப்பு, 4 கப் தண்ணீர். குழைவு தப்பாது. கதிரவனுக்கு நன்றி சொல்லப் பாத்திரம் முக்கியமா?

மண்பானை:
அடி விடுவது பானையின் குற்றமில்லை. முதல்நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறணும். மறுநாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் ஒரு கொதி. காஸுக்குத் தட்டை அடியுள்ள பானைதான் வாங்கணும். சூடான பானையில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் நிச்சயம்.
அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரும் பாலும் கழுத்து வரை இருக்கணும். முக்கால் பானைதான் என்றால் நுரை உள்ளேயே அமுங்கிடும். பொங்கியதும் ரெண்டு செம்பு மொண்டு வைத்துவிட்டு அரிசியைப் போடுங்க.

புதுநெல்:
ரெண்டு பேரும் அரிசியை விட்டுட்டீங்க. டெல்டாவில் சம்பா அறுவடை தையை ஒட்டி வருவதால்தான் அது புத்தரிசிப் பொங்கல். 4 கப் கணக்கு கடையில் விற்கும் பழைய அரிசிக்கு. புத்தரிசிக்கு மூன்றரை போதும், மீறினால் கூழ். திறந்த பானையில் ஆவி போவதால் 6 வரை இழுக்கும், பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும். வெல்லம் ஒன்றரை கப். அரிசி விரலில் நசுங்கிய பிறகுதான் சேர்க்கணும், முந்தினால் அரிசி அப்படியே நின்னுடும். கரைத்து வடிகட்டுங்க, மண் இருக்கும். பால் கொதிக்கும்போதே வெல்லக் கரைசலை ஊற்றினால் திரியும்; தீயை அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்க.

மூணாவது மாடி:
அப்போ சின்னப் பானையில் பாலைப் பொங்கவிட்டு, குக்கர் சோற்றில் கலந்தால்?

மண்பானை:
பொங்கினது ஒன்று, வெந்தது ஒன்று. எனக்கு ஒப்பலை.

புதுநெல்:
எனக்கு ஒப்புது. அரைப்படிப் பானையே போதும். ஆனா பொங்கலோடு வைக்கும் பல காய்க் குழம்பில் சுருக்குவழி வேண்டாம். பச்சை மொச்சை புளியில் வேகாது, தனியே வேகவிடுங்க. சேனைக்குப் புளி வேணும், இல்லாட்டி தொண்டை அரிக்கும். பரங்கி கடைசியில்.

மூணாவது மாடி:
மொச்சைக்கு ஒரு விசில் விடலாமா, அதுக்கும் பானைதானா?