காப்பகத்தைப் பார்வையிடப் போகிறவர் அங்குள்ள பெண்களிடம் நேரே கேட்கலாமா?

எருத்தேம்பதிக்காரி:
பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெண்கள் காப்பகத்தைப் பார்வையிடும் குழுவில் என்னை வெளி உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போய் விற்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட பெண்கள் தங்கும் இடம். மலையாளிகள், வடக்கத்திப் பெண்கள், நம் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

படிவம் கைக்கு வந்துவிட்டது. கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை, தையல் மெஷின் எத்தனை, கேமரா ஓடுகிறதா, ஆதார் நகல் கோப்பில் உண்டா. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'தங்கியிருப்போர் திருப்தியாக உள்ளனரா? ஆம் / இல்லை'. யாரைக் கேட்டு அதை நிரப்புவது என்று சொல்லவில்லை. முன்பு போன குழு கண்காணிப்பாளரைக் கேட்டே 'ஆம்' போட்டிருக்கிறது.

என் கட்சி இதுதான். சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பெண்களிடம் பேச வேண்டும். பீகாரின் முசாபர்பூர் சிறுமியர் காப்பகத்தில் நடந்த பாலியல் கொடுமை 2018இல் எப்படி வெளியே வந்தது? டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் குழு ஒன்று அந்த மாநிலக் காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்தபோது, அங்கிருந்த பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசியது. அதனால்தான். பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். நடத்தியவருக்கு 2020இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

பழைய வார்டன்:
முசாபர்பூரை இழுத்தாலே எங்கள் எல்லோரையும் கூண்டில் ஏற்றின மாதிரி ஆகிவிடுகிறது. சரி, ஏற்றுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை பார்த்தவள் நான். ஒரு காப்பகத்துக்கு யார் யார் வருகிறார்கள் தெரியுமா? துறை அதிகாரி, சட்டப் பணிகள் ஆணையம், போலீஸ், கவுன்சலர், பணம் தருகிற அறக்கட்டளை, சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: 'எப்படிம்மா இங்க வந்தே?' ஒரு பெண் இருந்தாள். கையில் கோப்போடு யார் வந்து உட்கார்ந்தாலும், கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவாள். ஊர், ஏஜென்ட், ரயில், லாட்ஜ் என்று பாடம் ஒப்பிப்பாள். வந்தவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு ராத்திரி அவள் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். அதற்கு உங்கள் படிவத்தில் எந்தக் கட்டம்?

இன்னொன்று. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு 'இன்ஸ்பெக்‌ஷன்' என்று சொல்லி வருகிறவன் எல்லாம் அதிகாரி இல்லை. தாய்மாமன் என்றும் வருவான், வக்கீல் என்றும் வருவான். பெண்ணை விற்றவனே கேட்டுக்கு வெளியே பைக்கில் நின்று நான் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் வருகிற உங்களையும் அவனையும் வாட்ச்மேன் எப்படிப் பிரித்தறிவார்?

ஓய்வுபெற்ற தணிக்கை:
இரண்டு பேருமே உணர்ச்சிவசப்படுகிறீர்கள். எண் இல்லாமல் ஒரு காசு நகராது. 'பெண்கள் மனம் வாடியிருந்தார்கள்' என்று எழுதி அனுப்பினால் செயலகத்தில் எவரும் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார். கடத்தப்பட்ட பெண்களை மீட்டுத் தங்கவைக்கும் உஜ்வலா திட்டம் (கேஸ் உஜ்வலா இல்லை) 2007இல் வந்தது. இப்போது, ஆதரவற்ற பெண்களுக்கான ஸ்வாதார் கிரஹம் என்ற இல்லத் திட்டத்தோடு சேர்ந்து, மத்திய அரசின் மிஷன் சக்தியின் கீழ் சக்தி சதன் ஆகிவிட்டது. பெயர் எத்தனை மாறினாலும் பணம் செலவான கணக்கைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை. ஆகவே சண்டை எண் வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. எந்த எண் என்பதில். வந்தவர் எத்தனை, கோர்ட்டு உத்தரவுக் காலம் முடிந்தும் இருப்பவர் எத்தனை, இழப்பீடு கைக்கு வந்தவர் எத்தனை, வெளியே போய் மறுபடியும் மீட்கப்பட்டு வந்தவர் எத்தனை, தப்பி ஓடியவர் எத்தனை. இந்த ஐந்தையும் காலாண்டுக்கு ஒரு தடவை வாங்கினால் போதும், யாரையும் அழவைக்க வேண்டியதில்லை.

எருத்தேம்பதிக்காரி:
சார், உங்கள் நாலாவது எண்ணை எடுத்துக்கொள்வோம். 'மறுபடி வந்தவர்: பூஜ்யம்.' யாரும் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை என்றும் அர்த்தம், வேறு மாநிலத்தில் மாட்டிக்கொண்டது இவர்களுக்குத் தெரியாது என்றும் அர்த்தம். வாளையாறு எல்லையைத் தாண்டினால் ஒரு மாநிலம், கோவிந்தாபுரம் எல்லை வழியாகத் திரும்பினால் இன்னொன்று. யார் பதிவேட்டை யார் பார்க்கிறார்கள்?

ஐந்தாவது இன்னும் மோசம். ஓடினவர் எண்ணிக்கையைக் காப்பகத்தின் தோல்வியாகக் கணக்குப் போட்டால் நிர்வாகம் என்ன செய்யும்? பூட்டை இரட்டிப்பாக்கும். எண் குறையும், நீங்களும் பாராட்டிக் கையெழுத்துப் போடுவீர்கள்.

கோர்ட்டு குமாஸ்தா:
பூட்டு என்று வந்ததால் சொல்கிறேன். ஊரில் விபசாரத் தடுப்புச் சட்டம் என்று சொல்கிற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில், மீட்ட பெண்ணை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணைக்காக மூன்று வாரத்துக்கு மேல் காவலில் வைக்கக் கூடாது. விசாரணையில் உதவ ஐந்து பேர் குழுவை அவர் அழைக்கலாம். முடிந்தவரை மூன்று பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதன் பிறகு ஓராண்டுக்குக் குறையாமல், மூன்றாண்டுக்கு மிகாமல் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். 17ஆம் பிரிவு. சட்டம் பாதுகாப்பு என்கிறது, உள்ளே இருப்பவருக்கு அது காவல்தான்.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் ஒன்று சொன்னது. இந்த இல்லங்களை எல்லாம் மாநிலங்கள் கணக்கெடுக்க வேண்டும். விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்ட வயது வந்த பெண்களின் நிலையை ஆராய்ந்து, காலவரம்புக்குள் விடுவிக்க வழிசெய்ய வேண்டும். விருப்பம் இருக்கிறதா என்று அவளைக் கேட்காமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், தணிக்கை சார்? ஆகவே கேட்டே ஆக வேண்டும். (பதினெட்டு நிரம்பாதவர்கள் விஷயம் வேறு. அவர்கள் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போவார்கள், அதை இதில் கலக்க வேண்டாம்.)

நகரி டீச்சர்:
நான் ஆந்திராச் சித்தூர் ஜில்லா, பாலக்காட்டுச் சித்தூர் இல்லை. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், ஆனால் காகிதம் எல்லாம் தெலுங்கு.

ஒரு காப்பகத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திருவள்ளூர் பக்கத்துப் பெண். 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் இங்கே தங்குகிறேன்' என்று தெலுங்கில் அச்சடித்த காகிதம், கீழே அவள் கையெழுத்து தமிழில், கொட்டை கொட்டையாக. இது என்னவென்று தெரியுமா என்றேன். 'நைட்டியும் சோப்பும் வாங்கினதுக்கு சைன் போட்டதுங்கக்கா' என்றாள். அதே நாளில் அதற்கும் ஒரு ரசீது இருந்தது. இரண்டையும் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததாகக்கூடத் தெரியவில்லை, வேலை முடிய வேண்டும் அவ்வளவுதான். கோப்பில் சம்மதம் பக்காவாக இருக்கிறது.

எந்தக் கேள்வி கேட்பது என்று அப்புறம் பேசுங்கள். முதலில் எந்த மொழியில், யார் வாயால் என்று முடிவு செய்யுங்கள். வார்டனே மொழிபெயர்த்தால் அது கேட்டதாக ஆகாது.

பெயர் வேண்டாம்:
நான் இப்படி ஒரு இடத்தில் இருந்தவள். வார்டன் அம்மா சொல்வதும் நிஜம், மற்றவர்கள் சொல்வதும் நிஜம். பார்வையிட வருவார்கள், ஹாலில் எங்களை வரிசையாக உட்காரவைப்பார்கள், சாப்பாடு எப்படி என்பார்கள். வார்டன் டீ தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நல்லா இருக்கு மேடம் என்போம். உண்மையில் நன்றாகத்தான் இருக்கும். பிரச்சினை சாப்பாட்டில் இல்லை.

புகார்ப் பெட்டி இருந்தது, ஆபீஸ் ரூமில், கேமராவுக்கு நேர் கீழே. சாவியும் அதே மேஜை டிராயரில். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது மூன்றே விஷயம்: என் கேஸ் எந்தக் கோர்ட்டில், அடுத்த வாய்தா எப்போது, போலீஸ் எடுத்துக்கொண்ட என் போன் எப்போது வரும். அம்மா நம்பர் அந்த போனில்தான் இருந்தது. வந்த ஒருவரும் 'உனக்கு என்ன தெரியணும்' என்று கேட்கவில்லை. நடந்த கதையை மட்டும் கேட்டார்கள்.

தையல் கற்றுக்கொடுத்தார்கள். வெளியே வந்து தைக்கவில்லை. திருப்பூர்க் கம்பெனியில் செக்கிங் வேலை.

பழைய வார்டன்:
தங்கச்சி, நீ சொன்னதில் ஒரு வரிக்கும் நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன். சாவி விஷயம் உட்பட.

ஆனால் இந்தக் குழுக்கள் உள்ளே இருப்பவர்களைக் கேட்பதோடு நிறுத்தப்போவதில்லை, வெளியே போன பிறகு எப்படி இருக்கிறார்கள் என்றும் பார்ப்பார்களாம். எல்லாத் திட்டத்திலும் 'பின்தொடர்தல்' என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு பெண் வீட்டுக்கு அப்படிப் போனார்கள். முன்னால் போர்டு மாட்டிய அரசாங்க ஜீப், கூட ஒரு போலீஸ் அம்மா. தெருமுனைப் பெட்டிக்கடையில் நிறுத்தி வழி கேட்டிருக்கிறார்கள், பெயரைச் சொல்லி. வேலைக்குப் போய் வந்தாள் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் தெருவே பேசியது. உங்கள் அறிக்கையில் அது 'ஒரு பயனாளி நேரில் சந்திக்கப்பட்டார்' என்று ஏறியிருக்கும்.

எருத்தேம்பதிக்காரி:
இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை, ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவும் தயாரில்லை. உலக சுகாதார நிறுவனம் 2003இல் கடத்தப்பட்ட பெண்களிடம் பேசுவது பற்றிப் பத்து நெறிகள் வெளியிட்டது. முதல் நெறியே தீங்கு செய்யாதே என்பது. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத் தேர்ந்தெடு, தன் ஆபத்தைப் பற்றி அவள் சொல்வதை மதி, நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதே என்றெல்லாம் போகிறது. பேசவே பேசாதே என்று எங்கும் இல்லை.

ஆகவே இப்படிச் செய்யப்போகிறேன். வந்த கதையை யாரிடமும் கேட்க மாட்டேன். அது கோர்ட்டுக்கு வேண்டியது, எனக்கு வேண்டாம். இங்கே உள்ளது மட்டும். உத்தரவு உனக்குப் படித்துக்காட்டப்பட்டதா, எந்த மொழியில்? போன் பேச யாரைக் கேட்க வேண்டும்? போக வேண்டும் என்று சொன்னால் என்ன நடந்தது? பேச விருப்பமில்லாதவள் எழுந்து போகலாம். எல்லோரிடமும் பேசுவதால் எவள் புகார் சொன்னாள் என்று நிர்வாகத்துக்குத் தெரியாது. வெளியே போகிறவளிடம், கிளம்பும்போதே, கூப்பிடலாமா, எந்த நம்பரில், எந்த நேரத்தில், யார் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். வீட்டுக்கு ஜீப் போகாது.

வாட்ச்மேன் கேள்விக்கு: முன்கூட்டியே எங்கள் படமும் பெயரும் கேட்டில் கொடுத்துவிடுவோம். தேதியை மட்டும் சொல்ல மாட்டோம்.

ஓய்வுபெற்ற தணிக்கை:
'வேண்டாம் என்றால் வேண்டாம்' என்றால் நல்லபடி இருப்பவர்கள் மட்டும்தான் போனை எடுப்பார்கள். உங்கள் அறிக்கை பளபளவென்று இருக்கும். வேண்டாம் என்றவர் எத்தனை, எடுக்காதவர் எத்தனை என்று தனித்தனியாகப் போடுங்கள். அது இல்லாமல் மற்றதை வெளியிடாதீர்கள். ஓடினவர் எண்ணை எடுத்துவிடச் சொல்வதை மட்டும் நான் ஒப்ப மாட்டேன். ஒரு பெண் காணாமல் போனால் பதிவாக வேண்டும்.

கோர்ட்டு குமாஸ்தா:
பதிவாகட்டும் சார், ஆனால் காலம் முடிந்தும் வெளியே விடாததால் சுவரேறிப் போனவளை அதே கட்டத்தில் போடாதீர்கள்.

பழைய வார்டன்:
நீங்கள் எல்லோரும் பேசி முடித்து வீட்டுக்குப் போவீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டுவது நான். வெளியே பைக் நிற்கிறதென்றால் பகலிலும் பூட்டுவேன். குழு அதை எனக்கு எதிராக எழுதுமானால் எழுதட்டும்.

கோர்ட்டு குமாஸ்தா:
பூட்டுங்கள் அக்கா. எதற்குப் பூட்டினீர்கள், எப்போது திறந்தீர்கள் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். உள்ளே இருப்பவர்களிடமும் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். குழு முதலில் பார்க்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.

பழைய வார்டன்:
எழுதலாம். பைக் நம்பரைக் குறித்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டதையும், அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதுவேன். உங்கள் குழு அந்தப் பக்கத்தையும் படிக்குமா?