கரண்ட் நிற்கிற வீட்டில் சர்வர் வைக்கலாமா?

மெரிபேங்க்வாசி:
வணக்கம், டர்பனிலிருந்து எழுதுகிறேன். அப்பா எடுத்த காவடிப் படங்கள், பாட்டி பாடி காசெட்டில் பதிந்த பாட்டுகள், எங்கள் ஆட்கள் ஆடின தெருக்கூத்து வீடியோ எல்லாம் சேர்த்து 600 ஜிபி, ஒரே ஒரு யூஎஸ்பி டிஸ்கில் கிடக்கிறது. 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, டாக்கரில் (ஆப்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் மென்பொருள்) படங்களுக்கு இம்மிச்சும் பாட்டு, வீடியோவுக்கு ஜெல்லிஃபினும் வைத்து வீட்டு சர்வராக ஓட்டலாம் என்று இருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தங்கையும் பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் வெளியிலிருந்து சர்வருக்கு வர முடியவில்லை. கரண்ட் போனால் என்ன ஆகும்?

டோங்காட்காரன்:
தம்பி, லேப்டாப் நல்ல முடிவு, கரண்ட் போனாலும் ஓட வைக்கும் யூபிஎஸ் அதன் பேட்டரியே. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்த வழி இருந்தால் நிறுத்துங்கள், எப்போதும் பிளக்கில் இருந்தால் பேட்டரி உப்பும். நான் 2023இல் டெஸ்க்டாப்பில் ஓட்டினேன். லோட் ஷெடிங் (முறை வைத்து கரண்ட் நிறுத்துவது) ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்த காலம், ஒரு ராத்திரி பட்டென்று அணைந்து இம்மிச்சின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது. படங்கள் அப்படியே இருந்தன, ஆனால் ஆல்பம், முகங்களுக்கு வைத்த பெயர் எல்லாம் போச்சு, அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகச் சொல்லி வைத்தது. அதனால் டேட்டாபேஸையும் தினமும் பேக்கப் எடுங்கள். பேட்டரி குறைந்தால் தானே ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சின்ன 12 வோல்ட் டிசி யூபிஎஸ் போதும், வாங்குமுன் அடாப்டரில் வோல்ட் பாருங்கள்.

பீனிக்ஸ் அக்கா:
ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வான் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, பார்த்தீர்களா? 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் அது சிஜிநாட், பல வீடுகளுக்கு ஒரே ஐபி, எத்தனை போர்ட் திறந்தாலும் வராது. திறந்ததை மூடிவிட்டு, லேப்டாப்பிலும் தங்கை போனிலும் டெயில்ஸ்கேல் (சாதனங்களைத் தனி வலையில் இணைக்கும் விபிஎன் ஆப்) போடுங்கள். உள்ளே ஓடுவது வயர்கார்டு என்கிற விபிஎன் முறைதான், சிஜிநாட்டைத் தாண்டிப் போகும்.

அப்புறம் முக்கியமானது: சர்வர் கட்டுவதற்கு முன்னால், இன்றைக்கே இன்னொரு டிஸ்கில் காப்பி எடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் என் சித்தி வீட்டில் இரண்டு டிஸ்கும் ஒரே அலமாரியில் இருந்தன. கல்யாணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மெரிபேங்க்வாசி:
அக்கா, 100.72 என்றுதான் காட்டுகிறது. போர்ட்டை மூடிவிட்டேன். 2 டெராபைட் டிஸ்க் வாங்கி வந்து காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, ஈஸ்டருக்குத் தங்கை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அண்ணா, டேட்டாபேஸ் பேக்கப்புக்கு நீங்கள் வைத்திருக்கும் ஸ்கிரிப்டைப் போட முடியுமா?